ஆந்திரச் சிறையில் இருக்கும் உறவினருக்கு மனம் சரியில்லை என்று தோன்றினால்

குடியாத்தத்திலிருந்து பரதராமி வழியாகச் சித்தூர் போகும் பேருந்தில், மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெண்களை அடிக்கடி பார்க்கலாம். பையில் ஒரு லுங்கி, சோப்பு, பல்பொடி, ஆதார் நகல் ஆகியவை இருக்கும். ஜவ்வாது மலையிலிருந்தோ கல்வராயன் மலையிலிருந்தோ முதல் பேருந்து பிடித்து இறங்கி வந்தவர்கள் அவர்கள். கணவரோ மகனோ செம்மரம் வெட்டிய வழக்கில் பிடிபட்டு ஆந்திரச் சிறையில் இருப்பார். நான் ஆந்திர எல்லையில் உள்ள நகரிப் பக்கத்தைச் சேர்ந்தவன். வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் தெலுங்குமாக வளர்ந்ததால், சில ஆண்டுகளாக இவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கவும் சிறை வாசல்வரை துணைக்குப் போகவும் நேர்ந்திருக்கிறது. வழக்கு எப்போது முடியும் என்று கேட்பதற்கு முன்பே அவர்களில் பலர் என்னிடம் சொல்வது, "அவன் முன்ன மாதிரி இல்லீங்க" என்பதுதான். அப்படிச் சொல்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். நோயைக் கண்டுபிடிக்க உங்களுக்குக் கற்றுத்தர என்னால் இயலாது. கண்ணால் கண்டதை, காதால் கேட்டதை, நோய்க்குப் பெயர் வைக்காமல், நாள் போட்டு எழுதி உரிய இடத்தில் சேர்ப்பது எப்படி என்பதை மட்டும் சொல்ல முடியும். பல நேரங்களில் அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

உள்ளே இருப்பவர்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள்

சிறையில் இருப்பவர் எவரும் "எனக்கு மனநோய்" என்று சொல்ல மாட்டார். "யோசனை ஜாஸ்தியா இருக்கு" என்பார். "தலையில சூடு ஏறிடுச்சு", "நெஞ்சை அடைக்குது", "ராத்திரி யாரோ மேல உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்பார். சிலர் காற்றுக் கருப்பு என்பார்கள், சிலர் வழக்கில் மாட்டிவிட்ட மேஸ்திரியின் வீட்டார் செய்வினை வைத்துவிட்டதாகச் சொல்வார்கள். சொல்லும் காரணத்துக்கு ஏற்பவே அவர்கள் தேடும் மருந்தும் இருக்கும். சூடு என்பவர் விடியற்காலையில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வார். யோசனை என்பவர் பீடியை அதிகமாக்குவார். காற்று என்பவர் மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொண்டு, வெளியே வந்ததும் சோளிங்கர் மலை ஏறுவதாக வேண்டிக்கொள்வார். இவற்றைக் கேட்டுச் சிரிக்கவும் வேண்டாம், மறுத்துப் பேசவும் வேண்டாம். சோளிங்கரில் தக்கான் குளத்தில் முழுகி நரசிம்மரிடம் முறையிடுவது நம் வட்டாரத்தில் பல தலைமுறைகளாக இருக்கும் வழக்கம். அந்த வேண்டுதலோடு சேர்த்து மாத்திரையையும் விழுங்கலாம் என்று சொன்னால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். "அதெல்லாம் மூடநம்பிக்கை, டாக்டரைப் பார்" என்றால் இரண்டையும் விட்டுவிடுகிறார்கள்.

மனம் சரியில்லை என்பதை அவர்கள் மறைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கைதிகள் சேர்ந்து தங்கும் பேரக்கில் ஒருவருக்கு "மென்டல்" என்றோ, தெலுங்கில் பைத்தியக்காரன் என்று பொருள்படும் "பிச்சோடு" என்றோ பெயர் விழுந்துவிட்டால், அவர் பக்கத்தில் பாய் போட யாரும் வர மாட்டார்கள். அவர் கொடுக்கும் புகாரையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஆகவே சிறை மருத்துவரிடம் போகும்போது தலைவலி என்றும் வயிற்று எரிச்சல் என்றும் மட்டுமே சொல்லி, வலி மாத்திரையோடு திரும்பிவிடுகிறார்கள். இவர்கள் ஒருவர் இருவர் அல்லர். பெங்களூர் மத்திய சிறையில் 5,000-க்கும் மேற்பட்ட கைதிகளை அந்நகரின் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட அறிக்கையில், ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்கு மனநோயோ போதைப் பழக்கமோ இருந்தது. போதையைக் கணக்கில் சேர்க்காவிட்டாலும் நான்கில் ஒருவருக்கு மேல் மனநோய் இருந்தது.

மலைக்காரர்களிடம் தனியாகக் கவனிக்க வேண்டிய ஓர் அச்சமும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில், பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த 20 பேர் ஆந்திரப் போலீசாரால் சுட்டுக்கொல்லப்பட்டதை அந்த ஊர்களில் யாரும் மறக்கவில்லை. அதன் பிறகு காட்டில் பிடிபட்டவர்கள், பூட்ஸ் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடுவதையும், இரவில் பெயர் கூப்பிட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்வதையும் சொல்லியிருக்கிறார்கள். அது கோழைத்தனம் அன்று, நடிப்பும் அன்று. பெரும் அச்சத்தைக் கண்ட மனத்தில் அது தங்கிவிடும் முறை. மருத்துவத்தில் அதற்குச் சிகிச்சை உண்டு.

பிடிபட்ட முதல் நான்கு நாட்கள்

தினமும் குடித்துக்கொண்டிருந்தவருக்குக் குடி திடீரென்று நின்றுபோனால், முதல் நாளிலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும்; ஒன்றிரண்டு நாளில் வலிப்பு வரலாம்; இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் இடம், நேரம் தெரியாமல் உளறுவதும், சுவரில் பூச்சி ஊர்வதாகக் காண்பதும் வரலாம். இது உயிரைக் கொண்டுபோகக்கூடிய நிலை. ஆனால் புதிதாக வந்தவர் இரவெல்லாம் கத்தினால், கூட இருப்பவர்கள் பேய் பிடித்தது என்கிறார்கள், காவலர்கள் நாடகம் என்கிறார்கள். எனவே உங்கள் வீட்டு ஆள் தினமும் குடிப்பவராக இருந்தால், கைது செய்தி வந்த அன்றே, வெட்கத்தைப் பார்க்காமல், எவ்வளவு குடிப்பார், எத்தனை ஆண்டாகக் குடிக்கிறார், இதற்கு முன் குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்பதை வழக்கறிஞரிடம் சொல்லி, ரிமாண்டு செய்யும் மாஜிஸ்திரேட்டின் காதுக்கும் சிறை மருத்துவரின் காதுக்கும் எட்டச் செய்யுங்கள். தூக்கத்துக்கும் நடுக்கத்துக்குமான மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும் நேரத்தில் கிடைத்தால் பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்திலோ வேறெங்கோ அவர் ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், அந்தச் சீட்டின் இரண்டு நகல்களை முதல் சந்திப்புக்கே கொண்டுபோங்கள்.

சந்திப்பில் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது

சிறையில் இருப்பவரைப் போய்ச் சந்திப்பதைத் தமிழ்நாட்டில் மனு பார்ப்பது என்றும் ஆந்திராவில் முலாக்கத் என்றும் சொல்வார்கள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் பத்துப் பேர், அந்தப் பக்கம் பத்துப் பேர் நின்று ஒரே நேரத்தில் கத்தும் இடத்தில் ஒருவர் மனத்தைத் திறந்து பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது. கிடைக்கும் சில நிமிடங்களை வாய்தா, வக்கீல் பீஸ், கடன் ஆகியவற்றிலேயே செலவழித்துவிடுகிறோம். அவற்றை வழக்கறிஞரிடம் பேசிக்கொள்ளலாம். நீங்கள் முதலில் அவர் எப்படி நடந்து வருகிறார் என்பதைப் பாருங்கள். முகம் கழுவியிருக்கிறாரா, சட்டை போன வாரம் போட்டதேதானா, உங்கள் கண்ணைப் பார்க்கிறாரா, கேட்ட கேள்விக்கு எவ்வளவு நேரம் கழித்துப் பதில் வருகிறது என்பவற்றைப் பாருங்கள். பிறகு தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். "நல்லா தூங்குறியா?" என்று கேட்டால் "உம்" என்ற பதில்தான் வரும், "நேத்து ராத்திரி எத்தனை மணிக்குக் கண்ணு மூடின, எத்தனை தடவை எழுந்த?" என்று கேட்டால் உண்மை வரும். அடுத்து, சோறு எவ்வளவு இறங்குகிறது, பக்கத்துப் பாய் யாருடையது, மாலையில் பூட்டிய பிறகு என்ன செய்கிறார் என்று கேளுங்கள். பக்கத்துப் பாய்க்காரரின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்வது பிற்பாடு மிகவும் உதவும்.

கடைசியாக, கேட்கவே நா கூசும் கேள்வியையும் கேட்க வேண்டும்: "செத்துடலாம்னு நினைப்பு வருதா?" இப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பை நாமே உண்டாக்கிவிடுவோம் என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அது தவறான பயம் என்பதில் மனநல மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. நேராகக் கேட்பது பாரத்தை இறக்கவே செய்கிறது. வருகிறது என்று அவர் சொன்னால் திட்டாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். எப்போது வருகிறது, ஏதேனும் முடிவு செய்து வைத்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டு, அன்றே, சிறை வாசலை விட்டு நகர்வதற்கு முன்பே, ஜெயிலரையோ சூப்பரின்டென்டென்டையோ பார்த்துச் சொல்லிவிடுங்கள். சிறைகளில் தற்கொலைகளைத் தடுப்பது பற்றித் தேசிய மனித உரிமை ஆணையம் 2023-இல் எல்லா மாநிலங்களுக்கும் அறிவுரை அனுப்பியிருக்கிறது. ஆகவே நீங்கள் சொல்வது அவர்களுக்குப் புதிய செய்தியாக இராது.

எது வழக்கமான துக்கம், எது அபாயம் என்பதற்குத் துல்லியமான கோடு இல்லை. முதல் சில வாரங்கள் அழுகையும் தூக்கமின்மையும் யாருக்கும் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் திரும்பாமல் இருப்பது, குளிக்காமல் படுத்தே கிடப்பது, நீங்கள் வந்திருப்பது தெரிந்தும் முலாக்கத்துக்கு வர மறுப்பது, யாரோ பேசுவதாகச் சொல்வது, சோற்றில் விஷம் என்பது, தன் துணிமணிகளை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று காரணமில்லாமல் சொல்வது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். ஜாமீன் மறுக்கப்பட்ட நாள், வீட்டில் சாவு நேர்ந்த செய்தி, மனைவி பிரிந்து போனதாக வரும் வதந்தி, எதிர்பார்த்த முலாக்கத்துக்கு யாரும் வராத வாரம் ஆகியவற்றை அடுத்து வரும் நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

மொழி

தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவர் தெலுங்கு மருத்துவரிடம் காட்டும் சைகை எப்போதும் வயிற்றையும் தலையையுமே தொடும். எனவே சில தெலுங்குச் சொற்றொடர்களைத் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதி, அனுமதி பெற்று உள்ளே கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் முலாக்கத்தில் வாயால் சொல்லிக் கொடுங்கள். தூக்கம் வரவில்லை என்பதற்கு "நித்ர பட்டடம் லேது". பசி இல்லை என்பதற்கு "ஆகலி லேது". நெஞ்சு படபடக்கிறது என்பதற்கு "குண்டெ தடகா உந்தி". பயமாக இருக்கிறது என்பதற்கு "பயமேஸ்தோந்தி". காதில் பேச்சு கேட்கிறது என்பதற்கு "செவுல்லோ மாட்டலு வினிபிஸ்துன்னாயி". சாக வேண்டும்போல் இருக்கிறது என்பதற்கு "சச்சிபோவாலனிபிஸ்தோந்தி". டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதற்கு "டாக்டர்னி சூடாலி". உச்சரிப்பு பிசகினாலும் பரவாயில்லை. தெலுங்கு தெரிந்த தமிழ்க் கைதி ஒருவர் பெரும்பாலும் எல்லாப் பேரக்கிலும் இருப்பார். குப்பம், பலமனேர், சத்தியவேடு பக்கத்து ஆட்கள் இரண்டு மொழியும் சரளமாகப் பேசுவார்கள். மருத்துவரிடம் போகும்போது அவரைக் கூட அனுப்பும்படி சூப்பரின்டென்டென்டிடம் கேட்டுக்கொள்ளலாம்.

மனு எழுதும் முறை

சில ஆண்டுகளுக்கு முன், எல்லைக்கு அந்தப் புறத்துச் சிறை ஒன்றில் இருந்த இளைஞனுக்காக அவன் தாயார் சொல்லச் சொல்ல நான் எழுதிய முதல் மனு இரண்டே வரி: "என் மகனுக்கு மனநிலை சரியில்லை. தயவுசெய்து வைத்தியம் பார்க்கவும்." ஒரு மாதமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. பிழை என்னுடையதும்தான். இரண்டாவது முறை அந்த அம்மாவை உட்கார வைத்து, பார்த்ததை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டு எழுதினேன். "கடந்த மூன்று முலாக்கத்திலும் என் மகன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தான். சோற்றில் மருந்து கலப்பதாகச் சொல்லி, ஐந்து நாளாக வாழைப்பழம் மட்டும் தின்றதாகச் சொன்னான். நான் கூப்பிட்டபோது இரண்டாவது தடவைதான் திரும்பினான். யாரும் கூப்பிடாதபோது மூன்று தடவை திரும்பி, 'வரேன்' என்றான்." இதற்குக் கீழே மூன்று தேதிகளும் பக்கத்துப் பாய்க்காரர் பெயரும் இருந்தன. அந்த வாரமே மருத்துவர் அவனைப் பார்த்தார். இரண்டாவது மனுவில் நோயின் பெயர் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மனுவைத் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ எழுதச் செய்து, சூப்பரின்டென்டென்டுக்கு ஒன்றும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்கு ஒன்றுமாகப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். காவலில் இருக்கும் எவரும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி இலவச வழக்கறிஞருக்கு உரியவர். அதற்கான உதவி எண் 15100. மனுவில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 103-ஆவது பிரிவு என்று குறிப்பிடுங்கள். மனநோயுள்ள கைதியைச் சிறை மருத்துவப் பிரிவின் மனநல வார்டுக்கோ, அது இல்லையென்றால் வெளியே உள்ள மனநல நிலையத்துக்கோ மாற்ற அந்தப் பிரிவு வழி செய்கிறது. அதே பிரிவில் விசித்திரமான ஒரு வாசகமும் இருக்கிறது: சிறை மருத்துவ அலுவலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தம் சிறையில் மனநோயுள்ள கைதி எவரும் இல்லை என்று சான்றளித்து மனநல ஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். "இல்லை" என்று எழுதுவதையே கடமையாக்கிய இந்த வாசகம் எனக்குச் சரியாகப் படவில்லை. இருந்தாலும் தேதியிட்ட உங்கள் மனு கோப்பில் இருக்கும்போது "இல்லை" என்று எழுத எவருக்கும் கை தயங்கும்.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார் என்று தெரிந்தால் இன்னொரு வழக்கு விழுமே என்று அஞ்சி மறைக்காதீர்கள். அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்பது அதே சட்டத்தின் 115-ஆவது பிரிவு.

உள்ளே இருப்பவர் தாமே செய்துகொள்ளக்கூடியவை

தேறி வெளியே வந்தவர்களிடம் கேட்டபோது, அவர்கள் சொன்னவை பெரிய உபாயங்கள் அல்ல. பகலில் படுக்காமல் இருந்தது, சமையலறை வேலையோ தோட்ட வேலையோ கேட்டு வாங்கியது, திறந்துவிடும் நேரத்தில் சுவரோரமாக இத்தனை சுற்று என்று எண்ணி நடந்தது, பொழுது சாய்ந்ததும் ஊர்க்காரர் நால்வர் சேர்ந்து உட்கார்ந்து தமிழில் பேசியது ஆகியவையே அவை. ஒருவர், தன் ஊரில் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை இருக்கும் மரங்களைத் தூக்கம் வராத இரவுகளில் வரிசையாக எண்ணுவாராம். புளியமரம் இரண்டு, கொய்யா ஒன்று, பலா மூன்று என்று எனக்கும் சொல்லிக் காட்டினார். மாறாக, நாள்காட்டியில் விடுதலை நாளை எண்ணுவது விசாரணைக் கைதிகளுக்கு உதவவில்லை, ஏனென்றால் அந்த நாள் எது என்று அவர்களுக்கே தெரியாது. 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள். அவர்களுக்கு அடுத்த வாய்தாவரை மட்டும் எண்ணுவதே தாங்கக்கூடியதாக இருக்கிறது.

மாத்திரை கொடுக்கப்பட்டால் பலன் தெரியத் தொடங்கவே இரண்டு மூன்று வாரம் ஆகலாம் என்பதை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நான்கு நாளில் ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்தியவர்கள் அதிகம். மாத்திரையைச் சேர்த்து வைப்பதும் பீடிக்குப் பண்டமாற்றாகக் கொடுப்பதும் நடக்கிறது, அதையும் எச்சரிக்க வேண்டும்.

குடும்பத்தார் தவிர்க்க வேண்டியவை

"அடுத்த வாரம் வெளியே வந்துடுவ" என்ற ஆறுதல் பொய்யைச் சொல்லாதீர்கள். வரும் தேதியைச் சொன்னால் அந்தத் தேதியில் போய்விடுங்கள். போக முடியாதென்றால் சிறைக்குத் தகவல் சொல்லுங்கள், அல்லது காணொளி வழியாகப் பேசும் இ-முலாக்கத்துக்குப் பதிவு செய்யுங்கள். வீட்டில் சாவு நேர்ந்தால் மறைக்காதீர்கள், எப்படியும் வேறொருவர் வாயால் அது உள்ளே போய்ச் சேரும். செய்தியைச் சந்திப்பின் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். மணி அடிக்கும் நேரத்தில் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். சொல்வதற்கு முன் சிறை அதிகாரியிடம் தெரிவித்து, அன்றிரவு யாராவது அவர் பக்கத்தில் இருக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கே தாங்க முடியாமல் போனால், டெலி மானஸ் எண்ணான 14416-ஐ எந்த நேரத்திலும் அழைத்துத் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்

நான் கண்டவர்களில் மிகவும் நொறுங்கிப் போயிருந்தவர்கள் ஜாமீன் மறுக்கப்பட்டவர்கள் அல்லர். ஜாமீன் கிடைத்தும், உள்ளூர் ஜாமீன்தாரர் இல்லாமல் மாதக்கணக்கில் உள்ளே கிடந்தவர்கள். ஜவ்வாது மலைக்காரருக்கு ஆந்திராவில் வீட்டுவரி ரசீதோடு கையெழுத்துப் போட யார் இருக்கிறார்கள்? இதற்காகவே வழக்கறிஞரிடம் இரண்டு செய்திகளை நினைவூட்டுங்கள். வேறு மாவட்டத்துக்காரர், வேறு மாநிலத்துக்காரர் என்பதற்காக ஜாமீன்தாரரை நிராகரிக்கக் கூடாது என்று, பாலக்காட்டில் பிறந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் மோதிராம் வழக்கில் 1978-லேயே தீர்ப்பளித்திருக்கிறார். ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சூப்பரின்டென்டென்ட் மாவட்டச் சட்டப் பணிகள் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், ஒரு மாதமாகியும் பிணை கட்ட முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 31 அன்று கூறியிருக்கிறது. முதன்முறையாகக் குற்றம் சாட்டப்பட்டவர் உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் ஜாமீனுக்கு வழி செய்யும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 479-ஆவது பிரிவும் உண்டு. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் அது பொருந்தாது. செம்மர வழக்குகளில் பலருக்கு ஒன்றுக்கு மேல் இருக்கிறது.

வெளியே வரும் நாள்

விடுதலை பெரும்பாலும் மாலையில், போதிய முன்னறிவிப்பு இல்லாமல் நடக்கும். உள்ளே எடுத்துக்கொண்டிருந்த மாத்திரையின் பெயரும் அளவும் எழுதிய சீட்டையும், சில நாட்களுக்கான மாத்திரையையும் சிறை மருத்துவப் பிரிவிலிருந்து கேட்டு வாங்குங்கள். பலர் இதை மறந்து, பத்து நாளில் பழைய நிலைக்குப் போகிறார்கள். அந்த வாரத்துக்குள் அருகில் உள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சீட்டைக் காட்டிப் பதிவு செய்யுங்கள். ஊருக்குள் நுழைந்ததும் வரவேற்க வரும் நண்பர்களின் கையில் பாட்டில் இருக்கும்; பல மாதம் குடிக்காதிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது என்பதை அவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். முதல் சில இரவுகள் அவரைத் தனி அறையில் படுக்க வைக்க வேண்டாம். விளக்கை அணைக்க வேண்டாம் என்று அவர் சொன்னால் எரியட்டும். கதவைத் தாழிடாதே என்று சொன்னால் திறந்தே இருக்கட்டும், குறுக்கே நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள்.